முப்பத்தொன்றரை மணி நேரம்

ஒரு கையுறை. இடது கைக்குரியது.
சாம்பல் நிறக் கம்பளி. மணிக்கட்டோரம்
பின்னல் ஒன்று தவறி, சின்னதாய் ஓர் ஓட்டை.

பொர்வெனீர் துறையில், இசிதோரோ மான்சீயாவின் படகில்,
நண்டுக் கூடைகளுக்கு அடியில் கிடந்ததாம்.
"கிடந்ததாம் என்று எழுதாதே, மிர்த்தா" என்றார் மேலதிகாரி.
"எடுக்கப்பட்டதாகக் குறிப்பு கூறுகிறது."
சரி. குறிப்பு கூறுகிறது.
கையுறைக்கு இல்லாத வாய் அதற்கு இருக்கிறது.

எடுத்த காவலனுக்கு இருபத்திரண்டு வயது.
ஈர ரத்தத்தைக் காகிதப் பையில்தான் போட வேண்டும்.
காற்றுப் புழங்காவிட்டால் பூஞ்சை
நமக்கு முன்பே பந்தியில் உட்கார்ந்துவிடும்.
பையனிடம் இருந்ததோ ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பை.
முடிச்சுப் போட்டான். எண் எழுதினான்.

அன்று நீரிணையைக் கடக்கக் கப்பல் இல்லை.
காற்று.
புன்தா அரேனாஸில் எந்தக் கேள்விக்கும்
பாதி விடை அதுதான்.

செவ்வாய் இரவு பதினொன்று பத்துக்கு ஒரு கையொப்பம்.
வியாழன் காலை ஆறு நாற்பதுக்கு அடுத்தது.
நடுவே முப்பத்தொன்றரை மணி நேரம்
அந்தப் பை யார் கையிலும் இல்லை,
காகிதத்தின்படி.

நான் என் வேலையைச் செய்தேன்.
இழை நறுக்கி, கரைத்து, பெருக்கி,
திரையில் எழுந்த சிகரங்களை
நொல்பெர்த்தோ கார்க்கமோவின் பல்துலக்கியோடு ஒப்பிட்டேன்.
(உடல் கிடைக்கவில்லை. கடல் எதற்கும் ரசீது தருவதில்லை.)
சிகரத்துக்குச் சிகரம் பொருந்தியது.

கூண்டில் ஏறிச் சொன்னேன்:
இந்த ரத்தம் அவருடையது என்றால் இந்த முடிவு வரும் வாய்ப்பு,
வேறொருவருடையது என்றால் வருவதைவிட
இத்தனை கோடி மடங்கு அதிகம்.
அரசு வழக்கறிஞர் அதைத் திருப்பிப் போட்டார்:
"ஆக, வேறொருவருடையதாக இருக்க
கோடியில் ஒரு பங்குதான் வாய்ப்பு."
இல்லை, என்றேன். திருப்பினால் அது வேறு வாக்கியம்.
அவர் முகம் சுண்டியது.
நான் அவர் அழைத்து வந்த சாட்சி.

ரத்தத்துக்கு ஆள் தெரியும். நாள் தெரியாது.
கூடையின் கம்பி கிழித்ததா, கத்தி கிழித்ததா,
போன கோடையா, அந்த இரவா?
என் கருவிகளில் எதற்கும் நாட்காட்டி இல்லை.

பிறகு எதிர்த்தரப்பிலிருந்து தமாரா ஓயார்சூன் எழுந்தார்.
பை மூடியிருந்ததா?
முடிச்சுப் போட்டிருந்தது.
முடிச்சு முத்திரை ஆகுமா?
ஆகாது.
நடுவில் யாரேனும் அவிழ்த்து மறுபடி கட்டியிருக்க முடியுமா?
மூன்று நீதிபதிகளின் பேனாவும் நின்றது.

எனக்குத் தெரியாது.

இருபது வருட உத்தியோகத்தில்
நான் சொன்னவற்றுள் இம்மி பிசகாத சொல்
அதுவாகத்தான் இருக்கும்.

எனக்கு முன்பே பையன் சாட்சி சொல்லியிருந்தான்.
வண்டிக்குள், என்ஜினை அணைக்காமல்,
பையை மடியில் வைத்தபடி இரண்டு இரவும் விழித்திருந்தானாம்.
மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள்.
அவன் மடியில் இருந்தது எண்பது கிராம்.
"பயமாகத்தான் இருந்தது" என்றான். "எழுத மறந்துவிட்டேன்."
நான் அவனை நம்புகிறேன்.
என் நம்பிக்கையை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஆட்சேபணை எழுந்திருக்கும்,
அதை நீதிபதி ஏற்றும் இருப்பார்.
ஏற்க வேண்டியதுதான்.

தீர்ப்பு வெள்ளிக்கிழமை.

நடைக்கூடத்தில் எதெல்மீரா என்னை மறித்தாள்.
கைப்பைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள்:
வலது கை. சாம்பல் நிறம். இதில் ஓட்டை இல்லை.
"அதன் ஜோடி எப்போது திரும்பி வரும்?"
யார் செய்தது என்று கேட்பாள் என நினைத்திருந்தேன்.
அதற்கு விடை தயாராய் இருந்தது. இதற்கு இல்லை.

மேல்முறையீட்டுக் காலம் முடிய வேண்டும், என்றேன்.
பிறகு மனு போடலாம். எண்ணைக் குறிப்பிட வேண்டும்.
"எழுதிக் கொடுங்கள்."

எழுதினேன். தேதி. மணி: நான்கு பதினேழு.
கையொப்பம்.
அவள் படித்துப் பார்க்கவில்லை. நான்காய் மடித்து
வலது கையுறைக்குள் செருகிக்கொண்டு
காற்றுக்குள் இறங்கிப் போனாள்.